கிளியின் கழுத்தில் ஏறிய வளையல்

அந்தக் காலத்தில் கிளிக்குச் சொந்தப் பேச்சு இருந்தது. நாம் சொல்லிக்கொடுத்து அது திருப்பிச் சொல்கிற இந்தப் பிழைப்பெல்லாம் அப்போது கிடையாது. காக்கை, குருவி, மைனா எல்லாமே மனிதரோடு சரிக்குச் சரி உட்கார்ந்து பேசிய காலம். அதிலும் கிளியின் வாய் இருக்கிறதே, விடிந்தால் திறக்கும், அடைகிற வரைக்கும் மூடாது. கழுத்தில் இப்போது இருக்கிற சிவப்பு வளையமும் அப்போது இல்லை. தலையிலிருந்து வால்வரை ஒரே பச்சை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துப் பறவைகளுக்குப் பொய் சொல்ல வராது. கேட்டால் உள்ளதைச் சொல்லும். கேட்காவிட்டால் சும்மா இருக்கலாம், யாரும் குற்றம் சொல்லப்போவதில்லை. இந்தச் சும்மா இருப்பதுதான் கிளியால் ஆகாத காரியம்.

நெடுங்காவு அரண்மனையில் பச்சையப்பன் என்று ஓர் ஆண்கிளி இருந்தது. ராணி அலர்மேல் நாச்சியார் கல்யாணமாகி வந்தபோது, தாய்வீடான கவைமலையிலிருந்து தோளில் வைத்துக் கொண்டுவந்த கிளி. வந்த அன்றே அரண்மனை வழக்கப்படி சிறகை நறுக்கிவிட்டார்கள். மரத்துக்கு மரம் தாவும், மாடத்துக்கு மாடம் தாவும், அதற்கு மேல் பறக்காது. அதைப் பற்றி அதற்குப் பெரிய வருத்தமும் இல்லை. கொய்யாப்பழம் இருந்தது, நாச்சியாரின் தோள் இருந்தது, பேச ஆயிரம் விஷயம் இருந்தது.

ராஜாவின் பெயர் மங்காபதி. கொடியவர் என்று சொன்னால் பாவம். ஏரி வெட்டினார், சத்திரம் கட்டினார், பெண்டாட்டி மேல் உயிரையே வைத்திருந்தார். ஆனால் வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு! கல்யாணப் பந்தலில் முதல் தாம்பூலத்தைத் தனக்கு நீட்டாமல் பக்கத்துப் பாளையக்காரருக்கு நீட்டிவிட்டார்கள் என்று பெண்வீட்டார் மேல் கோபம். நீட்டியவர் பார்வை மங்கிய பெரியவர், ஆள் தெரியாமல் நீட்டிவிட்டார் என்று எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள். காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்படி என்னதான் இருக்கிறது ஒரு தாம்பூலத்தில்? இரண்டு வெற்றிலை, ஒரு கொட்டைப்பாக்கு. அதற்காக ஒரு பெண்ணின் தாய்வீட்டு வாசலையே அடைத்துவிட்டார் மனுஷன். கவைமலைக்குப் போகிற கணவாயில் காவல் போட்டார். மனிதர் போனால் காவற்காரன் நிறுத்திக் கேட்பான். பறவை போனால் பாறைமேல் உட்கார்ந்திருக்கும் ராஜாளி நிறுத்திக் கேட்கும், "என்ன சேதி கொண்டுபோற?" என்று. பறவைக்குப் பொய் வராது என்றுதான் சொன்னேனே. அப்புறம் எங்கே சேதி போகிறது?

இந்த நிலைமையில் நாச்சியார் முழுகாமல் இருந்தாள். தலைப்பிள்ளை.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். ஏழாம் மாதம் தாய்வீட்டார் வளையலும் கலந்த சோறும் எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றுவிட்டால் போதும், எப்பேர்ப்பட்ட ராஜாவானாலும் பெண்ணைத் தலைப்பிரசவத்துக்கு அனுப்பித்தான் ஆகவேண்டும். மறுத்தால் குடிகளே காறித் துப்புவார்கள். ஆனால் தாய்வீட்டுக்குத் தெரிந்தால்தானே வருவார்கள்? சேதி சொல்லவேண்டியது புருஷன் வீடு. புருஷனோ வாயைத் திறக்கவில்லை.

"பச்சையப்பா, எங்க அம்மாவுக்கு இது தெரியணும்டா" என்றாள் நாச்சியார், ஜன்னலோரம் நின்றபடி. "தெரிஞ்சுட்டா மலையே குறுக்க நின்னாலும் வந்துடுவாங்க. பெத்துப் பொழைக்கிறபோது எனக்கு அவங்க பக்கத்துல இருக்கணும்."

"நான் தாவித் தாவிப் போகட்டுமா?"

"ராஜாளி கேட்டா என்ன சொல்லுவே?"

பச்சையப்பன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது.

வழி நாச்சியாருக்கே தோன்றியது. யார் எதைத் தடுத்தாலும், சாமிக்குப் போகிறதை யாரும் தடுப்பதில்லை. கவைமலைக் கண்ணன் கோயில் உறியடிக்கு, அந்த ஊர்ப் பெண்கள் வாழ்க்கைப்பட்ட வீடுகளிலிருந்து காணிக்கை போவது வழக்கம். கல்யாணமான வருஷம் நெடுங்காவிலிருந்து ஒரு வெண்கல விளக்கு போயிருந்தது. இந்த வருஷம் ஒரு படம் போகட்டும். அம்மாவுக்குப் படம் என்றால் சாப்பாடு வேண்டாம். சின்ன வயதில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயில் மண்டபத்துச் சுவரெல்லாம் காட்டி, "இந்த மேகம் எதுக்கு? அந்தக் கொக்கு ஏன் தனியா நிக்குது?" என்று கேட்டுக் கேட்டு வளர்த்தவள். காரணமில்லாமல் படத்தில் ஒரு புல்கூட முளைக்காது என்பாள். அவள் கண்ணில் பட்டால் போதும்.

ராஜாவிடம் கேட்டாள். சாமி காரியம் என்றதும் ராஜாவும் தலையை ஆட்டிவிட்டார். ஆனால் படம் முடிந்ததும் சபையில் வைத்துப் பார்த்து, தன் முத்திரை போட்டபிறகுதான் எல்லை தாண்டும் என்றார்.

அரண்மனைச் சித்திரக்காரர் பெயர் கோனேரி. எந்நேரமும் வாயில் வெற்றிலை, அதனால் பேச்சு குறைவு. ராணி சித்திரக்காரர் எதிரில் வரக்கூடாது. ஆகவே நாச்சியார் பச்சையப்பனிடம் சொல்வாள், பச்சையப்பன் தாவிப் போய்க் கோனேரியிடம் சொல்லும். அப்படித்தான் அந்தப் படம் வளர்ந்தது. பலாப்பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணம் பூசித் தேய்த்து, கோடு போட்டு வைத்திருந்தார் கோனேரி. பலகை விளிம்பில் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டே பச்சையப்பன் சேதி சொல்லும்.

"டேய், கொட்டையை வேற எங்கயாவது துப்பு. கண்ணன் மூஞ்சியில விழுது" என்பார் கோனேரி.

ஆற்றுக்கு அக்கரையில் மேகநிறக் கண்ணன். இக்கரையில் அவனுக்காகக் காத்திருக்கும் ஒரு பெண். யார் பார்த்தாலும் வழக்கமான பக்திப் படம்தான்.

"நாச்சியார் சொல்றாங்க, அவளோட இடது கையில வளையலே வேண்டாமாம்" என்றது பச்சையப்பன் ஒருநாள்.

கோனேரி தூரிகையை நிறுத்தினார். ஏங்குகிற பெண் மெலிந்துபோவாள், வளையல் கழன்று விழும். அப்படி எழுதுவது எல்லா ஊரிலும் உள்ளதுதான், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் பெற்றவள் பார்த்தால்? இந்தக் கைக்கு வளையல் போடவேண்டியவள் நானல்லவா என்று நெஞ்சில் தைக்கும்.

"கெட்டிக்காரப் பொண்ணு" என்றார் கோனேரி. அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கும் பெண்பிள்ளைகள் இருந்தார்கள்.

பிறகு மற்றவை ஒவ்வொன்றாக வந்தன. அந்தப் பெண்ணுக்குப் பின்னால் குலை தள்ளிய வாழை, அதன் காலடியில் ஒரு சின்னக் கன்று. அவள் வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று பொருள். ஆற்றில் தண்ணீர் குடிக்க வந்த பெண்மான், குடிக்காமல் கழுத்தைத் திருப்பி மலையைப் பார்க்கிறது. அவளுக்கு இங்கே இருப்புக்கொள்ளவில்லை, பிறந்த இடத்து நினைப்பு என்று பொருள். அந்த மலைக்கோ உச்சி இரண்டாகப் பிளந்திருக்கிறது, கவைமலை மாதிரியே. ராஜா அந்த மலையைக் கல்யாணத்தின்போது ஒரே ஒரு தடவை, அதுவும் பல்லக்குக்குள் இருந்து பார்த்ததுதான். அவருக்கு நினைவிருக்காது.

படம் முடிகிற சமயத்தில் பச்சையப்பன் மேலும் கீழுமாகப் பார்த்தது. பக்கவாட்டில் தலையைச் சாய்த்தும் பார்த்தது.

"நான் எங்க?"

"நீ இல்ல" என்றார் கோனேரி.

"காத்திருக்கிற பொண்ணு படத்துல கிளி இல்லாம எழுதுவாங்களா? இது என்ன கூத்து! இத்தனை நாள் அலைஞ்சது யாரு? பாதி படம் என் வாயில இருந்துதான வந்துச்சு?"

"அதனாலதான்டா இல்லைங்கிறேன். படத்துல கிளி இருந்தா தூதுன்னு அர்த்தம். தூதுன்னு தெரிஞ்சா, என்ன தூதுன்னு துருவுவாங்க. நீ இல்லாம இருக்கிறதுதான் இந்தப் படத்துக்குக் காவல்."

பச்சையப்பனுக்குப் புரிந்தது. புரியாமல் என்ன, அது முட்டாள் இல்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. மான் இருக்கிறது, வாழை இருக்கிறது, ஒன்றுமே செய்யாத வாழைக்கன்றுகூட இருக்கிறது, தான் மட்டும் இல்லை. அன்று முழுக்க அது கொய்யாப்பழத்தைத் தொடவில்லை.

சபை கூடியது. படத்தை நடுவில் சாய்த்து வைத்தார்கள். தங்க ரேக்கு வெயிலில் பளபளத்தது. ராஜா ஒருபக்கம், பிரதானிகள் ஒருபக்கம். தொங்கவிட்ட திரைக்குப் பின்னால் நாச்சியார், கை இரண்டையும் கோத்துக்கொண்டு. பச்சையப்பன் விளக்குத்தண்டின் உச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. படத்தைச் சுற்ற வேண்டிய பட்டுத்துணி தயாராக மடித்து வைத்திருந்தது. இன்னும் கொஞ்சநேரம். முத்திரை விழுந்துவிட்டால் அம்மா வந்துவிடுவாள்.

ஆஸ்தானப் புலவர் ஆபத்சகாயம் எழுந்தார். எந்தப் படம் வந்தாலும் எழுந்து பொருள் சொல்வது அவர் வேலை.

"மகாராஜா பார்க்கணும். கண்ணனை நெனச்சு நெனச்சு உருகிப்போனவள் இவள். கை மெலிஞ்சு வளையல் கழண்டுபோச்சு. ஆகா!"

சபை ஆகா என்றது. திரைக்குப் பின்னால் நாச்சியார் மூச்சுவிட்டாள்.

தப்பு, என்று நினைத்துக்கொண்டது பச்சையப்பன். அலகை இறுக்கி மூடிக்கொண்டது.

"வாழை செழிப்பைக் காட்டுது. கண்ணன் இருக்கிற ஊரில்லையா?"

அதுவும் தப்பு. பச்சையப்பன் கால்மாற்றி நின்றது.

"மான், அவளோட மருண்ட பார்வை. மலை, கண்ணன் குடையாப் பிடிச்ச கோவர்த்தனம்."

எல்லாமே தப்பு! ஒன்றுகூடச் சரியில்லை! அத்தனை பேரும் தலையை ஆட்டுகிறார்கள். பச்சையப்பனுக்கு உடம்பெல்லாம் ஊறியது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு, பல் இல்லாததால் அலகைக் கடித்துக்கொண்டு, பேசாமல் இருந்தது. அந்த அளவுக்கு அது நல்ல பிள்ளைதான்.

ராஜாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கையில் எடுத்தார். புலவர் அதோடு உட்கார்ந்திருக்கலாம். ராஜா சந்தோஷமாக இருக்கிறாரே, இன்னும் ஒரு வார்த்தை சொன்னால் சால்வை கிடைக்குமே என்று ஆசை.

"இன்னொரு நயம் இருக்கு மகாராஜா. இந்தப் படத்துல கிளி இல்ல. அதாவது, இவள் சொல்லியனுப்ப ஒரு சேதியும் இல்ல. வெட்டிப் பறவையை எழுதி இடத்தை அடைக்கல சித்திரக்காரர்."

வெட்டிப் பறவை!

"சேதி இல்லையா?" என்று கத்தியது பச்சையப்பன். "யோவ் புலவரே, படம் பூராவும் சேதிதான்யா! வளையல் கழண்டு விழல, தாய்வீட்டு வளையலுக்காகக் காத்திருக்கு அந்தக் கை! வாழை குலை தள்ளியிருக்கே, எதுக்குன்னு தெரியாதா? எங்க நாச்சியார் முழுகாம இருக்காங்க! அது கோவர்த்தனம் இல்ல, எங்க கவைமலை! மான் அங்கதான் பாக்குது! நாச்சியாரோட அம்மா பாத்தா ஒரே நொடியில புரிஞ்சுக்குவாங்க, வளையல் எடுத்துக்கிட்டு ஓடி வருவாங்க! அத்தனையும் நான்தான் தாவித் தாவிச் சொல்லி எழுதவெச்சேன்! வெட்டிப் பறவையாம்ல!"

சொல்லி முடித்துவிட்டுச் சபையைச் சுற்றிப் பார்த்தது. சபாஷ் வரும் என்று நினைத்தது. யாரும் கைதட்டவில்லை. புலவர் உட்கார்ந்துவிட்டார். கோனேரி தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரை ஒருதரம் அசைந்தது, பிறகு அதுவும் நின்றுவிட்டது. அப்போதுதான் பச்சையப்பனுக்குத் தான் என்ன செய்தோம் என்று உறைத்தது. யாருமே அதனிடம் கேள்வி கேட்கவில்லையே! ஒரு வார்த்தை கேட்கவில்லையே!

"உண்மையா?" என்றார் ராஜா, கோனேரியைப் பார்த்து.

"பறவை பொய் சொல்லாது, மகாராஜா" என்றார் கோனேரி. வேறென்ன சொல்வார் பாவம்.

ராஜா முத்திரை மோதிரத்தை மறுபடி விரலில் போட்டுக்கொண்டார். "வளையல்தானே வேணும்? என் பொண்டாட்டி கைக்கு நான் போடறேன். என் பிள்ளை என் வீட்டுல பிறக்கும்" என்றார். சத்தம்கூடப் போடவில்லை.

அன்று பொழுது சாய்வதற்குள் கோனேரி ஊரைவிட்டுப் போகவேண்டியதாயிற்று. வேறொருவரைக் கூப்பிட்டு, படத்திலிருந்த பெண்ணின் வெறுங்கை நிறையத் தங்க வளையல் எழுதச் சொன்னார் ராஜா. நிஜ நாச்சியாரின் கையிலும் முழங்கைவரை தங்கம் அடுக்கினார்கள். படம் எங்கும் போகவில்லை, அரண்மனைக் கூடத்திலேயே மாட்டிவிட்டார்கள். அதன்பிறகு சாமி காணிக்கை என்றுகூட எதையும் ராஜா எல்லை தாண்ட விடவில்லை.

நாச்சியார் கிளியை அடிக்கவில்லை, கூண்டில் போடவில்லை. சாயங்காலம் வழக்கம்போல் கிண்ணத்தில் பழம் வைத்தாள். வைத்துவிட்டுக் கேட்டாள்:

"ஏன்டா சொன்னே?"

"அவர் தப்புத் தப்பாச் சொன்னாரு நாச்சியாரே. எல்லாமே தப்பு. என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியல."

"தப்பாவே இருந்துட்டுப் போயிருக்கலாமேடா, பச்சையப்பா."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது பச்சையப்பனுக்கு. அதன்பிறகு அவள் அதனிடம் மனசைத் திறந்து ஒன்றும் பேசவில்லை. பசிக்கிறதா, மழை வருகிறதா, அவ்வளவோடு சரி.

பிரசவ வலி வந்தபோது அரண்மனையில் ஆளுக்குக் குறைவில்லை. மருத்துவச்சிகள் இருந்தார்கள், சேடிகள் இருந்தார்கள். நாச்சியார் அவர்களில் ஒருத்தியையும் கூப்பிடவில்லை. "அம்மா, அம்மா" என்றுதான் கூப்பிட்டாள். கதவுக்கு வெளியே ராஜா நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே பச்சையப்பன் கேட்டுக்கொண்டிருந்தது. பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள், அந்த மட்டும் சாமி கண் திறந்தது.

மகள் தத்தித் தத்தி நடந்து வந்து தாடியைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தபிறகுதான் ராஜாவின் வீம்பு கரைந்தது. எந்தத் தாம்பூலத்துக்குக் கோபப்பட்டோம் என்று அவருக்கே வெட்கமாக இருந்திருக்க வேண்டும். கணவாய்க் காவலை எடுத்துவிட்டார். நாச்சியார் பல்லக்கு ஏற்பாடு பண்ணச் சொன்னாள். முகத்தில் சிரிப்பு வந்து எவ்வளவோ காலமாகியிருந்தது. "பச்சையப்பா, நீயும் வா" என்றுகூடச் சொன்னாள். கிளிக்குத் தலைகால் புரியவில்லை.

பல்லக்கு கிளம்புவதற்குமுன் கவைமலையிலிருந்து ஒரு வளையல் செட்டியார் வந்து சேர்ந்தார். கணவாய் திறந்ததும் முதலில் வந்தவர் அவர்தான். தோளிலிருந்து மூட்டையை இறக்கினார். நாச்சியார் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கிட்டே வந்தாள்.

"அம்மா எப்படி இருக்காங்க, செட்டியாரே?"

செட்டியார் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "போன ஆடியில காலமாயிட்டாங்க, தாயி."

செட்டியார் மேலும் சொன்னார்: "ஒவ்வொரு உறியடிக்கும் கோயில்ல வந்து உக்காந்துடுவாங்க. நெடுங்காவுல இருந்து என்ன வந்துச்சுன்னு கேப்பாங்க. மொத வருஷம் விளக்கு வந்துச்சுல்ல, அதுக்கப்புறம் ஒண்ணுமே வரலியே. வழிய ராஜா அடச்சாரு சரி, சாமிக்குக்கூடவா எம் பொண்ணு ஒண்ணும் அனுப்ப மாட்டா, என்னை மறந்துட்டா போலன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. உனக்குக் கல்யாணமான மாசமே என்கிட்ட இதை வாங்கி வெச்சுட்டாங்க தாயி. சேதி வந்தபிறகு வாங்கினா நேரமாயிடுமாம். உன் கையில சேர்த்துடணும்னு சொன்னாங்க."

மூட்டைக்குள் சிவப்புக் கண்ணாடி வளையல்கள். நாச்சியார் ஒன்றை எடுத்துக் கையில் போடப் பார்த்தாள். முழங்கைவரை தங்கம் இருந்தது, இடமில்லை. அடியில் ஒரே ஒரு குட்டி வளையல், பிறக்கப்போகிற பிள்ளைக்காக வாங்கியது. அதை மகள் கையில் மாட்டிப் பார்த்தாள். பிள்ளை வளர்ந்துவிட்டாள், கை நுழையவில்லை.

குட்டி வளையலைத் தரையில் வைத்துவிட்டு நாச்சியார் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பச்சையப்பன் மாடத்திலிருந்து இறங்கி, தத்தித் தத்தி அந்த வளையலுக்குப் பக்கத்தில் வந்தது.

"நாச்சியாரே, இது யார் கைக்கும் ஆகாமப் போனது என் வாயாலதான். எனக்கே இருக்கட்டும். இனிமே என் பேச்சுன்னு ஒண்ணு வேண்டாம். நீங்க சொல்றதைச் சொல்றேன், அது போதும்."

சொல்லிவிட்டு, யாரும் தடுப்பதற்குள் வளையலுக்குள் தலையை நுழைத்துக்கொண்டது. அது கழுத்தில் போய்ச் சிக்கென்று உட்கார்ந்தது. அதுதான் பச்சையப்பன் சொந்தமாகப் பேசிய கடைசிப் பேச்சு. பிறகு ஒன்று சொல்ல வாய் திறந்தது. மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான். வளையல் இறுக்கியது, சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றது. வரவில்லை.

நாச்சியார் அதைப் பார்த்தாள். அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்துகொண்டு வந்தது. "அம்மா..." என்று அழுதாள்.

"அம்மா" என்றது பச்சையப்பன்.

செட்டியார் திரும்பிப் போகிற வழியில் கோனேரி குடியிருந்த ஊர். நடந்ததையெல்லாம் அவரிடம் சொல்லிவிட்டுப் போனார். கோனேரிக்குக் கிளிமேல் கோபம் இருந்திருக்கலாம், அத்தனை காலம் ஊரில்லாமல் திரிந்தவர். "பாவிப்பய, படத்துல தன்னை எழுதலன்னு எவ்வளவு சண்டை போட்டான்" என்று மட்டும் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் பலகையை எடுத்தார். அதிலும் ஆற்றங்கரையில் ஒரு பெண் காத்திருந்தாள். இந்தத் தடவை அவள் கையில் ஒரு கிளியை எழுதினார். அலகு மூடியிருந்தது, முகம் அவளைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அணில்வால் தூரிகையில் சிவப்பைத் தொட்டுக் கழுத்தைச் சுற்றி ஒரு கோடு இழுத்தார்.

பார்த்த ஒருவர் கேட்டாராம், "கிளிக்கு என்ன அர்த்தம்?" என்று.

"அதைக் கிளிகிட்டயே கேளுங்க" என்றாராம் கோனேரி.

கண்ணாடி என்றோ உடைந்து போயிருக்கும், நிறம் மட்டும் பச்சையப்பன் கழுத்திலும், அதன் வழிவந்த ஆண்கிளிகள் கழுத்திலும் தங்கிவிட்டது. பெண்கிளிக்கு அந்த வளையம் கிடையாது. அது ஒரு தப்பும் செய்யவில்லையே. ஆனாலும் புருஷன் வாயடைத்துப் போனபிறகு அது மட்டும் யாரோடு பேசும்? அதுவும் சொந்தப் பேச்சை விட்டுவிட்டது.

அந்த நாளிலிருந்துதான் படத்தில் காத்திருக்கும் பெண்ணின் கையில் கிளி வாய்மூடி உட்கார்ந்திருக்கிறது. கூண்டில் இருக்கிற கிளியோ, எத்தனை நல்ல சேதி தெரிந்தாலும் தானாக ஒன்றும் சொல்வதில்லை. நாம் "அம்மா" என்று சொன்னால், கொஞ்சநேரம் நம்மையே பார்த்துவிட்டு, அதுவும் "அம்மா" என்கிறது.